ஒன்றுதான் வைத்தோம்

நான் ஒரு கருத்தரிப்பு மையத்தில் கருவியலாளர். இதைச் சொன்னதும் "அப்ப நீ டாக்டரா, நர்ஸா?" என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்திலேயே கிடையாது. இரண்டும் இல்லை. முட்டையும் விந்தணுவும் சேர்ந்து கருவான பிறகு, அது தாயின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்வரை வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊராருக்கு நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தேன். என் அண்ணனும் அண்ணியும் எங்கள் மையத்துக்கே சிகிச்சைக்கு வந்தார்கள். போயிற்று நிம்மதி.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதைக் கழற்றினாலும் துணியை விரித்து வரிசையாக வைத்து, ஒரு வாஷர்கூட மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டுகிற ரகம். அண்ணி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், இரண்டு பேரும் அலுத்துப்போய் வந்திருந்தார்கள். அந்த முறை ஒரே ஒரு கருதான் தேறியது.

சொந்தக்காரர்களின் கருவை நாங்கள் தொடக் கூடாது என்பது மையத்தின் விதி. அதனால் என் சீனியர் மேடமே எல்லாவற்றையும் செய்தார். பெயர் சரிபார்க்கும் சாட்சியாக நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கருவை உள்ளே வைக்கும் நாளன்று அதன் படத்தை அச்செடுத்துக் கொடுப்போம். காத்திருப்பு அறையில் அம்மா அதைக் கையில் வாங்கியதுதான் தாமதம்.

"நெத்தி அப்படியே உங்க அப்பா."

"அம்மா, அதுல நெத்தியே இல்லம்மா."

"பின்ன இது என்ன?"

"சுத்தி ஒரு வரிசை செல் இருக்கு பாரு, அது நஞ்சுக்கொடியா ஆகப் போறது. உள்ள ஒரு ஓரமா ஒட்டிட்டிருக்கற குவியல்தான் பிள்ளையா ஆகும். அதுலயும் எது கண்ணு, எது கல்லீரல்னு இன்னும் எதுவும் முடிவாகல."

"முடிவாகலையா? அப்ப மூக்கை மட்டும் எங்க வீட்டுப் பக்கமிருந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள் அண்ணி. அம்மாவுக்குச் சுருக்கென்றது. நான் உள்ளே ஓடிவிட்டேன்.

கரு தங்கியது. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அந்தச் சந்தோஷம் முதல் ஸ்கேன் வரைக்கும்தான். திரையில் இரண்டு இதயங்கள் துடித்தன.

அன்று மாலையே அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றான். கையில் டூல் பை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

"எத்தனை வெச்சீங்க?"

"ஒண்ணுதான் வெச்சோம்."

"உள்ள ரெண்டு இருக்கு."

"தெரியும். ஒண்ணுதான் ரெண்டா பிரிஞ்சிருக்கு. எப்பவாவது அப்படி நடக்கும்ணா."

"நான் போய் ஒரு மோட்டாரை மாட்டிட்டு வரேன். திரும்பப் போய்ப் பார்த்தா ரெண்டு மோட்டார் ஓடுமா?"

"மோட்டார் வளராது. கரு வளரும்."

"சரி, பிரிஞ்சுது. ரெண்டா பிரிஞ்சா ஆளுக்குப் பாதிதானே வரணும்? ஒரு கை, ஒரு காலு?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். தோலாக மாறிவிட்ட செல்லிடம் போய் இதயமாகு என்றால் அது ஆகாது. அதன் வேலை நிச்சயமாகிவிட்டது. ஆனால் கருவுக்குள் இருக்கும் அந்தக் குவியலில் எந்தச் செல்லுக்கும் இன்னும் வேலை நிச்சயமாகவில்லை. எதுவும் எதுவாகவும் ஆகலாம். அதனால் அது இரண்டாகப் பிரிந்தால், ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக ஒரு முழுப் பிள்ளையை உண்டாக்கிக்கொள்ளும். வெளிவரிசை மட்டும் நஞ்சுக்கொடி என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றே.

பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்: "எங்க இதுவும் வீணாப் போயிடுமோன்னு நீ உங்க மேடத்துகிட்ட சொல்லி, எங்களுக்குத் தெரியாம ரெண்டு வெச்சுட்ட."

"இருந்ததே ஒண்ணுதான்! இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"அது உனக்குத்தான் தெரியும்."

அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வேறு யாருடைய கருவையோ வைத்துவிட்டேன் என்கிறான். அவனுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அவன் சந்தேகப்பட்டதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மா என்னைப் பாராட்ட ஆரம்பித்தாள். "செஞ்சிருந்தா சொல்லிடேன், நல்லதுக்குத்தானே செஞ்ச?" என்றாள். இல்லவே இல்லை என்றால் கண்ணைச் சிமிட்டினாள். தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பெரியம்மா போன் செய்து, "என் மருமகளுக்கும் ரெண்டா வெச்சுக் குடுத்துடு, ஒரே அலைச்சலோட போயிடும்" என்றாள். "முடியாது பெரியம்மா" என்றதற்கு, "உன் அண்ணின்னா முடியும், எங்களுக்குன்னா முடியாது" என்று வைத்துவிட்டாள்.

நான் சீனியரிடம் புலம்பினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என் மாமியார் இன்னும் நான் ரத்தம் டெஸ்ட் பண்றதா நினைச்சிட்டிருக்காங்க" என்றார். ஆறுதல் அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்த ஸ்கேனுக்கு அண்ணி என்னைக் கூப்பிட்டாள். அண்ணனும் வந்திருந்தான். என்னிடம் பேசாமல் கதவோரம் நின்றவன், ஸ்கேன் டாக்டரிடம் மெல்ல ஆரம்பித்தான்.

"டாக்டர், ஒருவேளை ரெண்டு கரு வெச்சிருந்தா எப்படித் தெரியும்?"

"ரெண்டு வெச்சிருந்தா பொதுவா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி இருக்கும். இங்க பாருங்க, ரெண்டுக்கும் ஒண்ணே ஒண்ணு. நடுவுல இருக்கறது மெல்லிசு சவ்வு. ஒரே கரு பிரிஞ்சதுதான்."

"ஓ... அப்படியா டாக்டர்!" என்றான் அண்ணன், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. நான் தொண்டை வறளச் சொன்னது அத்தனையும் காற்றில் போயிருந்தது. யாரோ ஒருவர் கோட் போட்டுக்கொண்டு சொன்னதும் மண்டையில் ஏறிவிட்டது.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினான். "இதை நீ முதல்லயே தெளிவாச் சொல்லியிருக்கலாம்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அன்று நடைவழியில் ஒரு சண்டை நடந்திருக்கும்.

ஆனால் ஒரே நஞ்சுக்கொடி என்பதில் ஓர் ஆபத்து உண்டு. அது எனக்கு முதல் நாளே தெரியும். கேட்கிற நிலையில்தான் யாரும் இல்லை. சில வாரங்களில் அது வந்தேவிட்டது. நஞ்சுக்கொடிக்குள் இருந்த இணைப்புக் குழாய்கள் வழியாக ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றைச் சுற்றி நீர் வற்றியது, மற்றொன்றைச் சுற்றி ஏறியது. அந்தக் குழாய்களை லேசரால் அடைக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் பிழைக்கலாம், ஒன்று பிழைக்கலாம், எதுவும் பிழைக்காமலும் போகலாம்.

அண்ணியை உள்ளே கொண்டுபோனபின் நானும் அண்ணனும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணுன்னு இருந்தப்போ தைரியமா இருந்தேன்டி" என்றான். "ரெண்டுன்னு சொன்னதும் எதுவும் கையில நிக்காதுன்னு தோணிடுச்சு. யார் மேலயாவது பழி போட்டாத்தான் தூக்கம் வரும் போல இருந்துது."

"என் தூக்கத்தைக் கெடுத்துட்டயே."

"தெரியும்."

அவன் அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன். எனக்கும் அதற்குமேல் கோபப்படத் தெம்பில்லை.

இரண்டும் பிழைத்தன. பெண்பிள்ளைகள். அவசரப்பட்டுப் பிறந்து, ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் கிடந்தன. சின்னவள், நீர் வற்றிப்போனவள், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அண்ணி பெட்டியின் துளை வழியே கையை விட்டு அவள் காலைத் தொட்டாள். அந்தக் கால் அவள் விரலை உதைத்தது. அண்ணி சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான்.

அப்போது தரையிலிருந்து "க்ரீச்" என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், அண்ணன் பெட்டியின் அடியில் முழங்காலிட்டு, சக்கரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"சார்! அதைத் தொடாதீங்க!" நர்ஸ் ஓடிவந்தாள்.

"இது ஆடுதுங்க. ஸ்க்ரூ லூஸ்."

"யாருங்க இவரு? யாரு உள்ள விட்டது?"

"எங்க அண்ணன்தாங்க" என்றேன். "நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "ஒரே ஒரு திருகு பாக்கிடி" என்றான். முடிக்காமல் வரவில்லை.