சினைக் கொடுவா

அன்று எண்ணூர்க் கழியில், அந்தப் படகில் இருந்தவர்கள் நான்கே பேர். படகுக்குச் சொந்தக்காரரும், குப்பத்துக்கு நியாயம் சொல்லும் நாட்டாருமான வேலப்பன். அவர் மனைவியின் தம்பி லட்சுமணன். நீலகிரியிலிருந்து வந்திருந்த ஹால்டன் துரை. துரையின் பட்லர் ஜஹாங்கீர். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. கூட இருந்து பார்த்ததாகச் சொல்கிறவர்கள் கரையைத் தாண்டி வந்ததே இல்லை.

துரை மலை ஏரிகளில் தூண்டில் போட்டு டிரவுட் மீன் பிடித்துப் பேர் வாங்கியவர். அங்கே வெளியூர் வெள்ளைக்காரர்களும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பிடிக்கலாமாம். கழியிலும் அதுபோல ஓர் ஏற்பாடு வரப்போகிறது, வருகிறவர்களுக்கெல்லாம் உன் படகுதான் என்று வேலப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புயலில் கட்டுமரங்களைப் பறிகொடுத்த வீட்டுக்கு அது சோறு போடும் வாக்கு.

ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்திருந்தது. கொடுவா முட்டையிடக் கடலுக்குப் போகும் காலம். சினை மீனை அங்கே மறிக்கக் கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. அதை மீறியதற்காகப் போன வாரம்தான் லட்சுமணனின் வலையைப் பிடுங்கிக் கெங்கையம்மன் கோயிலில் தொங்கவிட்டிருந்தார் வேலப்பன். மைத்துனன் என்று பார்க்கவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் துரையின் தூண்டிலில் கொடுவா ஒன்று சிக்கியது. வெகுநேரம் இழுத்து அலைக்கழித்து, களைத்துப்போய்ப் படகோரம் வந்தது. வேலப்பன் குனிந்து செவுளில் கைகொடுத்துப் பிடித்தார். ஆள் தொடைப் பருமன். வயிறு புடைத்திருந்தது, முட்டை கசிந்தது.

லட்சுமணன் துடுப்பை நிறுத்தினான்.

"இன்னா மாமா, எனுக்கு ஒரு நாயம், தொரைக்கு ஒரு நாயமா? என் வலை இன்னும் கோயில்ல தொங்கிகினு கீது."

வேலப்பன் பட்லர் பக்கம் திரும்பினார். சினை மீன், எடுக்கக் கூடாது, துரையிடம் சொல் என்றார். துரை கேட்டுவிட்டுச் சிரித்தார். மலையிலும் குஞ்சு மீனைத் திருப்பி விடுவதுண்டு, இவ்வளவு பெரியதை எவன் விடுவான் என்றார்.

வேலப்பன் முள்ளைக் கழற்றினார். மீனின் தலையை நீரோட்டத்துப் பக்கம் திருப்பிக் கையைத் திறந்தார்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. ஜஹாங்கீர் நல்ல மனிதர். அவசரமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், "கை வழுக்கிச்சுன்னு சொல்லிகீறேன். தலைய மட்டும் ஆட்டு நைனா, வேலை உனுக்குத்தான்" என்றார்.

துரையின் கோபம் அதற்குள் பாதி இறங்கியிருந்தது. வேலப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலப்பன் தலை அசையவில்லை.

"வழுக்கல. நான்தான் வுட்டேன். அப்டியே சொல்லு."

ஜஹாங்கீர் தயங்கித் தயங்கிச் சொன்னார். திரும்பும் வழியில் லட்சுமணன் மாமனின் துடுப்பையும் வாங்கி, கரை வரை தானே வலித்தான். மறு வாரம் அந்த வேலை வேறொரு படகுக்குப் போயிற்று.

வேலப்பனுக்கு வயதாகிப் பிடி தளர்ந்துவிட்டது, மீன் நழுவிவிட்டது, அதனால்தான் துரை வேறு படகு பார்த்தார் என்று திருவொற்றியூர் வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மீன் நழுவவில்லை.