வால் நீண்ட வெற்றிலை

பச்சை நூல்கண்டைக் கையில் எடுத்தால் மயிலம்மாளுக்கு இப்போதும் இடுப்பு லேசாகிவிடும். மாமியார் அங்கம்மாள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அப்படித்தான். காரணம் கேட்டால் சிரிப்பாளே தவிரச் சொல்லமாட்டாள். சொன்னால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், புருஷனோடு இருந்த கூலிக்காரர் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குக் குரோஷா பழக்கிவிட்டாள். முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியும் நூலும் இருந்தால் போதும். பூ, இலை, கொடி எல்லாம் மடியிலேயே முளைக்கும். அணை முடிந்தபின் புருஷன் வேலுசாமி அங்கேயே வேறு வேலையில் தங்கிக்கொள்ள, இவள் எருமப்பட்டிக்கு மாமியாரிடம் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி வெகுநாளாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் ஏசியதில்லை, கொஞ்சியதும் இல்லை. அவளுக்கும் சேர்த்து ஊர் பேசிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த வருஷம் தைப்பொங்கல் நோம்பிக்கு வந்த வேலுசாமி மேட்டூர் திரும்பியதும், மாமியாரின் வெற்றிலைப் பை நைந்து கிடப்பது மயிலம்மாள் கண்ணில் பட்டது. புதிதாக ஒரு சுருக்குப்பை தைத்து, மேலே பச்சை நூலில் ஒரு வெற்றிலை பின்னி வைத்து, திடீரென்று கையில் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். இலை நன்றாகத்தான் வந்தது. முனையைச் சட்டென்று முடிக்கத் தெரியாமல் வால் மட்டும் நீண்டுவிட்டது. பரவாயில்லை என்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மாமியார் தினமும் கையை விடும் இடத்தில் ஒளித்து வைத்த கெட்டிக்காரி!

அங்கம்மாள் பார்த்துவிட்டாள். வால் நீண்ட இலையை யார் வெற்றிலை என்பார்கள்? பெண் குழந்தைக்கு அரைஞாணில் கோத்துக் கட்டுகிறார்களே, அந்த அரசிலை என்றே நினைத்தாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள்! இவ்வளவு சீக்கிரம் வாய்விட்டால் கண்பட்டுவிடும் என்று, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து வீடே வேறாகிவிட்டது. கறந்த பாலில் முதல் டம்ளர் மருமகளுக்கு. உப்பில் ஊறிய நெல்லிக்காய் கேட்காமலே வந்தது. கிணற்றடியில் நிறைகுடத்தை மாமியாரே வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாயங்காலமானால் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். தாயில்லாமல் வளர்ந்த மயிலம்மாளுக்குக் காரணம் புரியவில்லை, சுகமாக இருந்தது.

ஒருநாள் வாரிக்கொண்டே அங்கம்மாள் மெல்லச் சொன்னாள்:

"அந்த அரசெலைய நான் பாத்துப்போட்டேன் சாமி. வெள்ளியில நானே செஞ்சு போடறேன். நீ நூல்ல பின்னிக் கண்ணக் கெடுத்துக்காத."

மயிலம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. அப்போதே சொல்லியிருக்கலாம். பாலுக்கும் நெல்லிக்காய்க்கும் அவள் ஆசைப்படவில்லை. தலையில் ஓடிய அந்த விரல்களை விட மனசில்லை. நாளை, நாளை என்று தள்ளினாள். வீட்டுக்குத் தூரமாகும் நாள் நெருங்கியது. புறக்கடையில் போய் உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரிவதைவிடத் தானே சொல்வது மேல் என்று, இலையைப் புதுச் சுருக்குப்பையின் மேல் வைத்துத் தைத்து மாமியார் முன்னால் நீட்டினாள்.

அங்கம்மாள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கா இது?"

"ஆமாங்கத்தை. அது வெத்தலைங்க. வாலு நீண்டு போச்சுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

மாமியார் பாக்கையும் சுண்ணாம்பு டப்பியையும் புதுப் பைக்கு மாற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அன்று தலை வாரக் கூப்பிடவில்லை.

விடிந்ததும் மயிலம்மாள் தனியாகவே கிணற்றுக்குப் போனாள். இனி எல்லாம் பழையபடிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நிறைகுடத்தைத் தூக்கக் குனிந்தாள். பின்னாலிருந்து வந்த கை குடத்தைப் பிடித்தது.

"அதுதான் ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டனுங்களே அத்தை" என்றாள் மயிலம்மாள், குடத்தை விடாமல்.

"கேட்டேன். இத்தன நாளாத் தூக்கிப் பழகிப்போச்சு. நீ முன்னால நட, சாமி."

கிணற்றடியில் இருந்த பெண்களெல்லாம் பார்க்க, மயிலம்மாள் கைவீசி முன்னால் நடந்தாள். பின்னால் மாமியாரின் இடுப்பில் குடம் தளும்பிற்று. செருகியிருந்த பையில் அந்த வால் நீண்ட இலை வழியெல்லாம் நனைந்துகொண்டே வந்தது.