பெரியவள் பெயரில் ஒரு தவளை

காட்டுத் தரையில் மக்கும் சருகுக்குள் வாழ்கிற, கட்டைவிரல் நகத்தளவே உள்ள தவளைகள் அவை. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தப் பேரினத்தைப் பதின்மூன்று இனங்களாகப் பிரித்துக் காட்டியவள் சின்னவள். அதில் புதிதாக ஒன்றுக்கு அக்காவின் பெயரை வைத்தாள். வைக்க வேண்டியதுதான். தங்கையைப் படிக்க வைப்பதற்காக அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு அவளோடேயே காடுமேடெல்லாம் அலைந்து, முப்பது வருடம் தவளைகளைப் பதப்படுத்தும் ஸ்பிரிட் வாடையில் கிடந்தவள் பெரியவள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை யாரையும் விட்டுவைக்கவில்லை. "என் பேர்ல ஒரு தவளை இருக்கு, தெரியுமா?" என்பாள். கேட்டவர்கள் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த இனத்தைத் தனியாகப் பிரித்தது இடுப்பைச் சுற்றி ஓடிய ஒரு மெல்லிய பள்ளம். சின்னவளின் வகைப்பாட்டில் முதல் கேள்வியே அதுதான்: பள்ளம் உண்டா, இல்லையா? இந்த வருடம் அதே காட்டிலிருந்து நாற்பது தவளைகள் புதிதாக வந்தன. ஒன்றுக்கும் பள்ளமில்லை. மரபணுச் சோதனையும் காலை வாரியது. எப்போதோ யாரோ பெயர் வைத்துவிட்டுப் போன பழைய இனம்தான் இது என்றது.

சின்னவள் பதறிப்போய் அருங்காட்சியகத்தின் பழைய அலமாரியைக் குடைந்தாள். பின்வரிசையில் யாரும் தொடாத ஒரு சீசா, உள்ளே மூன்று தவளைகள். வழக்கமாகத் தவளையின் முழங்காலில் கட்டும் எண் அட்டை அங்கே இல்லை. நூலால் இடுப்பில் கட்டியிருந்தது. நூலைக் கத்தரித்தாள். அடியில் பள்ளம். செத்த உடம்பு மெத்தென்று இருக்கும்போதே கட்டி ஃபார்மலினில் போட்டதால், விறைத்தபோது தடம் அப்படியே தங்கிவிட்டது. மற்ற சீசாக்களில் பிற்பாடு யாரோ அட்டைகளை முழங்காலுக்கு மாற்றியிருக்கிறார்கள். நூல் போய்த் தழும்பு மட்டும் மிச்சம். அந்தத் தழும்பைத்தான் இந்த மேதை தனி இனம் என்று சொல்லிப் பரிசும் வாங்கியிருக்கிறாள். கட்டிய கை பெரியவளுடையது.

அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றே மறுப்புக் குறிப்பு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினாள். 'பயிற்சியற்ற உதவியாளர் ஒருவர் தவறாகக் கட்டியதால் ஏற்பட்ட தடம்' என்ற வரியைத் தயங்காமல் எழுதினாள். உண்மைதானே என்றிருந்தது.

குறிப்பை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகுதான் அக்காவிடம் விஷயத்தை நேரில் சொல்லப் போனாள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த பெரியவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப என் பேரு?"

"இனிமே செல்லாதுக்கா. பழைய பேர்தான்."

"தவளை உசுரோட இருக்குல்ல?"

"இருக்கு."

"போகட்டும் விடு." தலையணை உறை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "முதல்ல முழங்கால்லதாண்டி கட்டினேன். ஒண்ணுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. கேம்ப்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சே. 'கால் போனா தவளையே வீண், இடுப்புல கட்டித் தொலை'ன்னே. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். இப்போது எல்லாம் வந்து நின்றது: ஒழுகிய கூடாரம், குனிந்த தலையோடு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த அக்கா.

"என் மேல தப்புன்னு எழுதிட்டியா?"

"இல்லக்கா."

"அதான பார்த்தேன். நீ என்னை விட்டுக்குடுக்க மாட்டே."

மறுநாள் காலை அச்சுப்படி வந்தது. திருத்தம் இருந்தால் மாலைக்குள் தெரிவிக்கலாம். உதவியாளர் பற்றிய அந்த வரியின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள் சின்னவள். கட்டச் சொன்னது நான்தான் என்று எழுதினால் போதும். ஆனால் எழுதினால், தான் சொன்னதையே மறந்து தழும்பை இனமாக்கியவள் பிரித்த மற்ற இனங்களையும் தோண்டத் தொடங்குவார்கள். துறைத் தலைவர் பதவிக்கு நேர்முகம் அடுத்த மாதம். பெரியவளுக்கோ அந்த ஆய்விதழின் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

தவளையின் கால் நீள அளவு ஒன்றில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினாள்.