நவம்பர் ஒன்றா, ஜனவரி ஒன்றா

1

பக்கத்து வீட்டில் புகை அலாரம் அலறியது. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஜன்னல் வழியே பார்த்தேன். பதினேழு வயது ஹேசல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து அக்டோபர் குளிரில், வெறும் காலுறையோடு புல்தரையில் நின்றாள். கையில் மடிக்கணினி. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: 'ஹேசலின் கனவெல்லாம் அந்தக் கல்லூரியின்...'

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரிக்கு நவம்பர் ஒன்றுக்குள் விண்ணப்பித்தால் டிசம்பரில் பதில். இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று அவளும், பெற்றோரில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரி ஒன்று என்றால் அந்தச் சத்தியமெல்லாம் இல்லை; பதில் மார்ச் கடைசியில்.

அவள் தோழிகள் எல்லோரும் நவம்பர். ஹேசல் மட்டும் ஜனவரி என்கிறாள். காரணம், போன வசந்தத்தில் கார் ஷெட்டில் அப்பா டேல் அம்மா நோராவிடம் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது: "அவளுக்கு ஒரு காலேஜ் கிடைக்கட்டும். அப்புறம் நாம பிரிஞ்சுக்கலாம்."

டிசம்பரில் பதில் வந்தால், டிசம்பரிலேயே வீடு இரண்டாகும்.

[ஒரு சின்னப் பெண் இவ்வளவு யோசிப்பாளா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவள். இழுத்தடிப்பது அவளுக்குப் பழக்கம்.]

3

டேல் பான்கேக்கைக் கருக்கிவிட்டார், அலாரம் அதற்குத்தான். இங்கே ஒரு சண்டை எழுதலாமென்று உட்கார்ந்தேன். முடியவில்லை. இந்த ஊரில் கோபம் ஏற ஏற மரியாதை கூடும்.

"மன்னிச்சுக்க நோரா, நான் கவனிக்கல."

"பரவாயில்ல டேல். ஜன்னலைத் திறந்ததுக்கு நன்றி."

"அலாரத்தை நிறுத்த ஏணி எடுத்துட்டு வந்தது நீதானே. நான்தான் நன்றி சொல்லணும்."

ஹேசல் உள்ளே வந்தாள். "பேங்க் கவுன்டர்ல பேசிக்கிற மாதிரி இருக்கு. ஒரு தட்டையாவது உடைச்சுத் தொலைங்களேன்."

"தட்டெல்லாம் உங்க அம்மாவோடது," என்றார் டேல். "கேட்டுட்டுத்தான் உடைக்கணும்."

நோரா பேச்சை மாற்றினாள். "இன்னிக்காவது அப்ளை பண்ணுவியா? எல்லாரும் முடிச்சாச்சு. நீ என்ன, முட்டையா அடைகாக்குறே?"

இது தினமும் கேட்கும் கேள்விதான். ஆனால் இன்று ஹேசலுக்குச் சட்டென்று அலுத்துவிட்டது. மார்ச் வரை இந்த நன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட முடியாது. போகட்டும், இவர்களைப் பிரிய விட்டுவிடலாம்.

"சரிம்மா. நவம்பர்லயே போட்டுடறேன். நீ கையெழுத்துப் போடு." மடிக்கணினியை அம்மா பக்கம் தள்ளினாள்.

4

முடிவு ஒன்று: நோரா கையெழுத்துப் போடுகிறாள். டிசம்பரில் வாசலில் வாடகை லாரி. (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: மூவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (விளம்பரம் தருபவர்களுக்குப் பிடிக்கும். இந்தக் குடும்பத்தால் முடியாது.)

மூன்றாவதை எழுத ஆரம்பித்து, ஒரு கேள்வியோடு நிறுத்திவிட்டேன். டேல் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக் கட்டத்தில் நோரா தன் பெயரைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பாதியில் விரல் நின்றது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"ஜனவரியில போட்டாத்தான் என்ன, டேல்?"