புறா, நாலாவது சந்து

பாலத்துக்கு அடியில் இரும்பு வேலி போட ஆட்கள் வந்த அன்று, அங்கே தினமும் ராப் பாடும் பசங்க வேலையை நடக்கவிடாமல் மறித்து நின்று ஒரு முழுப் பாட்டையும் பாடி முடித்தார்கள். அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியவள் அவர்களில் ஒருவனின் அக்கா. பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் தம்பியின் கூட்டத்துக்கு ஒலிப்பதிவு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். பாட்டு முடிகிறபோது ஒவ்வொருவனும் தன் பட்டப்பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான் மைக்கை விடுவான். தம்பி எதையும் வாய்க்குள்ளேயே பேசுகிறவன். பட்டப்பெயரே புறா. இவன் குரலும் நாலு பேர் காதில் விழட்டுமே என்று அதை மட்டும் சத்தம் கூட்டி வைத்து, பின்னால் ஓடிய லாரிச் சத்தத்தையும் வழித்தெடுத்திருந்தாள். "புறா, நாலாவது சந்து" என்று கணீரென்று கேட்டது. போலீஸ் நேராக நாலாவது சந்துக்கு வந்தது.

மற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இவன்தான் தலைவன் என்று இவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் கோர்ட்.

அக்கா மாற்றுச் சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், அந்தப் பாட்டைச் செஞ்சது நான். அவன் ஓரமா நின்னவன். சத்தத்தைக் கூட்டினது நான்தான்."

ஏட்டு நிமிர்ந்தார். "தம்பிக்காகப் பழிய ஏத்துக்கிறியா? எங்கக்கா தன் சைக்கிளைக்கூட என்னைத் தொட விடாது."

"ஃபோன்லயே இருக்கு சார். ஒவ்வொருத்தர் குரலுக்கும் ஒரு கோடு. இந்த மூணாவது கோடு அவன் குரல்."

"கோட்டையெல்லாம் கோர்ட்ல காட்டும்மா. சட்டையக் குடுத்துட்டுக் கிளம்பு."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நீட்டிய ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தம்பி உள்ளே பெஞ்சில் இருந்தான். "உளறிட்டியா அக்கா?"

"சொன்னேன். நம்பல."

"நம்ப மாட்டாங்க. இன்ஸ்பெக்டரே 'என்ன தலைவரே'ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்." ஏட்டு திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்.

"ஏன்டா?"

"என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லையே."

அவள் புதுச் சட்டையைப் பிரித்து நீட்டினாள். அழுக்குச் சட்டையை வாங்கி மடித்தாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் அம்மா வாசலில்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வரணுமாம்."