முதல் வண்டியின் கடைசி இடம்

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை வந்தால் வர்லீனுக்கு வயிறு எரியும். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் அன்றைக்குத்தான் குடியேறிகள் தினம். 1870-ம் வருஷக் கணக்கெடுப்பில் பெயர் இருந்த குடும்பங்களுக்கு ஊர்வலத்தின் முதல் வண்டி. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது. முதல் வண்டியின் கடைசி பெஞ்சு பின்பக்கம் பார்த்துப் போட்டிருக்கும். அதில் ஆர்டித் பொமராய், முதல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் தரும் நீலப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது வண்டியில் முன்வரிசையில் இருக்கும் வர்லீனின் முகத்தையே கடைத்தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு வருவாள். என்ன திமிர் பாருங்கள். முன்னால் போனால் போதாதா, திரும்பி உட்கார்ந்து வேறு காட்ட வேண்டுமா?

இருவரும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம். வர்லீனுக்கு மூன்று பெண்கள், ஏழு பேரப்பிள்ளைகள், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுடும் பலகாரத்துக்கு நாலு முறை முதல் பரிசு. ஆர்டித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன பெரிய வெள்ளை வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தாள். ஆனாலும் அந்தப் பட்டை அவளிடம் அல்லவா இருந்தது. வர்லீனுக்குச் சாப்பிட்ட சோளம் ஜீரணமாகாமல் போவதற்கு அது ஒன்று போதும்.

வர்லீன் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டக்கி. கொள்ளுத்தாத்தா எலையஸ் ஸ்டக்கி இருபத்தோரு வயதில், இரண்டு எருதுகளோடு, ஒஹையோவிலிருந்து தன்னந்தனியாக வந்து, புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. 1885 கணக்கெடுப்பில் அவர் குடும்பத் தலைவர். அதற்கு முன்னால் அந்த மாவட்டத்தில் ஸ்டக்கி வீடு ஒன்றும் கிடையாது. நூலகத்தில் இருக்கும் பெயர் அட்டவணையை வர்லீன் பத்துத் தடவை புரட்டிவிட்டாள். வீட்டுத் தலைவர்களின் பெயர் மட்டுமே போட்ட அட்டவணை அது. அதில் இல்லையென்றால் ஊரிலேயே இல்லை என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள்.

இந்த ஜூலையில் அவளுக்கு வேறு யோசனை வந்தது. தான் மேலே ஏற முடியாவிட்டால் என்ன, ஆர்டித்தைக் கீழே இறக்கலாமே. ஆர்டித்தின் முன்னோன் ஏமஸ் பொமராய் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த வெறும் வண்டிக்காரன், கணக்கெடுப்பவர் கண்ணில் பட்டதால் 1870 பட்டியலில் சேர்ந்துவிட்டான் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போய், பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் படம்பிடித்து வைத்த ஃபிலிமை மாட்டி, இத்தனை வருஷமாகத் தொடாத அந்தப் பொமராய் பக்கத்தைத் திருப்பினாள். எதிரியின் பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

ஏமஸ் பொமராய், முப்பத்து நாலு, விவசாயி. சொந்த நிலம். ஹேன்னா, இருபத்தொன்பது. மூன்று பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குக் கீழே அதே வீட்டில் இன்னொரு வரி இருந்தது. எலையஸ் ஸ்டக்கி, வயது ஏழு, பிறந்தது ஒஹையோ.

ஏழு வயதுப் பிள்ளை. தாய் தகப்பன் பெயர் இல்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்கும் கட்டம் அடுத்த கணக்கெடுப்பில்தான் வந்தது. அதனால் அவன் விருந்தாளியா, வளர்ப்புப் பிள்ளையா, மாடு மேய்க்க வைத்துக்கொண்ட அநாதையா என்று அந்தத் தாளுக்கே தெரியாது. எருதுகளும் தன்னந்தனிப் பயணமும் காற்றில் போயின. வர்லீன் அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. முதல் வண்டி கிடைத்துவிட்டது என்று நெஞ்சு குதித்தது. குதித்து அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் முதல் வண்டியில் இடம் கேட்டு ஆர்டித் குடியேறிகள் சங்கத்தில் கொடுத்த நகல் இதே பக்கம்தான்.

நகலை எடுத்துக்கொண்டு நேராக வெள்ளை வீட்டுக்குக் காரை விட்டாள். ஆர்டித் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வர்லீன் தாளை அவள் முன்னால் போட்டாள்.

"இது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

ஆர்டித் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்."

"பதினொரு வருஷமாவா?"

"ஆமா."

"என் ஆளை உன் பக்கத்துலயே ஒளிச்சு வெச்சிருந்திருக்கியேடி. என்ன மனசு உனக்கு?"

ஆர்டித் கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்குத்தான் எல்லாம் இருக்கே, வர்லீன். எனக்கு அந்த வண்டி ஒண்ணுதான். அதுலயும் நீ ஏறி உக்காந்துட்டா அப்புறம் என்னை யார் பாப்பா?"

கோபத்தோடு போனவள் குளிர்ந்துபோய் வெளியே வந்தாள். தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அதைப் புருஷன் லாய்டிடம் இரண்டு தடவை சொன்னாள். அவன் உருளைக்கிழங்கைத் தள்ளு என்றான்.

சங்கத்துச் செயலாளர் டுவைட் கெசல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தினார். கூடவே விதியையும் சொன்னார். முதல் வண்டியில் கணக்கெடுப்புத் தாளின் ஒரு வரிக்கு ஒரு ஆள்தான், உட்காருவது தாளில் இருக்கும் வரிசைப்படி. பல வருஷம் முன்னால் இடத்துக்காக இரண்டு குடும்பம் கைகலந்ததில் வந்த விதி அது. அந்தத் தாளில் கடைசி வீடு பொமராய், அந்த வீட்டில் கடைசி வரி ஸ்டக்கி.

ஆகவே ஊர்வலத்தன்று வர்லீன் நீலப் பட்டையோடு, பின்பக்கம் பார்த்த பெஞ்சின் ஓரத்தில், ஆர்டித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. தெருவில் நின்றவர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள். வண்டியின் பின்பக்கம் வருவதற்குள் அவர்கள் கண் அடுத்த வண்டிக்குப் போய்விட்டது.

அடுத்த வண்டியில் ஆள் கணக்கெல்லாம் கிடையாது. வர்லீனின் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் அதில்தான் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்காரும் முன்வரிசை இடத்தில் சித்தப்பா மகள் ட்வைலா. அவள் மடியில் வர்லீனின் கடைக்குட்டிப் பேத்தி, கை நிறைய மிட்டாயை அள்ளித் தெருவில் வீசிக்கொண்டிருந்தது. ட்வைலா அதன் காதில் ஏதோ சொன்னாள். வண்டியே விழுந்து விழுந்து சிரித்தது. என் இடம், என் பேத்தி, இவளுக்கென்ன இத்தனை இளிப்பு என்று வர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னத்துக்குடி இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆர்டித்தும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருந்து காதுல விழாது," என்றாள். "நானும் பதினொரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் வரேன்."

வர்லீன் அவள் பக்கம் திரும்பவில்லை. பின்னால் வரும் வண்டியின் குதிரைகளுடைய தலைக்கு மேலே பேத்தி தெரிகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.