ரொட்டிக்குள் இருந்த பல்

"அக்கா, எழுந்திரு. அப்பா பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்."

போர்வைக்குள்ளிருந்து அக்கா முனகினாள். "எதை உடைச்ச?"

"ரொட்டியை அழிச்சிட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தேவாலயங்களின் பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்வது அப்பாவின் தொழில். கீழறையில் இருக்கும் படத்தில் ஒரு புனிதை மடியில் ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஊரே அவளை ரொட்டியம்மா என்றுதான் கும்பிடுகிறது. காலையில் ஃபாதர் படத்தை எடுத்துப்போக வருகிறார். ரொட்டியின் ஓரத்து அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொல்லியிருந்தார் அப்பா. பஞ்சை எச்சிலில் நனைத்து உருட்ட வேண்டும். பஞ்சில் அழுக்கு வரலாம். நிறம் வந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

"நிறம் வந்துச்சா?"

"வந்துச்சு. பழுப்பு."

"அப்புறம் ஏண்டி நிறுத்தல?"

"உள்ள ஒரு பல்லு தெரிஞ்சுதுக்கா!"

அக்கா என்னை முந்திக்கொண்டு படியிறங்கினாள். பாதி ரொட்டியைக் காணோம். அந்த இடத்தில் வரிசைப் பற்கள், மூக்கிருக்க வேண்டிய இடத்தில் குழி, ஒரு கண் பள்ளம். என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"ஐயோ, மண்டை ஓடு! ஊரே இதையா கும்பிட்டுது?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. இனி அப்பாவை நம்பி எந்தக் கோயில்ல படம் குடுப்பாங்க?"

"என்ன சத்தம் அங்க?"

அப்பா வாசலில் நின்றார். பழுப்பேறிய பஞ்சை நீட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தோடு ஒட்டிக்கொண்டார்.

"தண்ணிச் சாயம்!" பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். "எண்ணெய்ப் படத்து மேல எவனோ தண்ணிச் சாயத்துல ரொட்டி வரைஞ்சிருக்கான். அடியில ஒரு கீறல்கூட இல்ல. இவ ரொட்டியம்மா இல்லம்மா, இயேசு கூடவே இருந்த மகதலா மரியாள். எல்லாரும் ஒருநாள் போறவங்கதான்னு நெனச்சுக்கறதுக்காக மடியில மண்டை ஓட்டை வெச்சிருப்பா. யாரோ பயந்துபோய் மூடிட்டாங்க."

"ஃபாதர் என்ன சொல்வாருப்பா?"

அப்பா உடனே ஃபோன் போட்டார். ஃபாதரின் தூக்கக் குரல் எங்களுக்கும் கேட்டது. "பல்லா? ரொட்டிக்குள்ளயா?" கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அந்தப் புள்ளைய நிறுத்தச் சொல்லாதீங்க. செருப்பைத் தேடிட்டு வரேன்!"

அப்பா புதுப் பஞ்சை என் கையில் வைத்தார். "நிறம் வந்தும் நிறுத்தலையே, அதுக்குக் காலைல பேசிக்கறேன். இப்ப உருட்டு."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. சொட்டு எச்சில் இல்லை.

"எலுமிச்சம்பழத்தை நெனச்சுக்கோடி," என்று அக்கா காதைக் கடித்தாள். ஊறிற்று.

இரண்டாவது கண் பள்ளம் வந்தது. அதற்கும் அப்பால், வெறும் சுவரென்று நினைத்திருந்த பழுப்பில், அணைந்த மெழுகுவர்த்தித் திரி ஒன்று. அதிலிருந்து நூல்போலப் புகை.

"இன்னும் என்னத்தடி ஒளிச்சு வெச்சிருக்கா இந்தம்மா?" என்றாள் அக்கா.

அப்பா விளக்கை இன்னும் கிட்டே பிடித்தார்.